முதுமாணிக்கு எந்தப் பிரிவு? திருகோணமலையில் இருந்து இணையவழியில் குடிசார் பொறியியல் படிக்க எண்ணுவோருக்கான ஓர் ஒப்பீடு

என் அக்காவின் மகள் பொறியியல் பட்டம் பெற்று மூன்று ஆண்டுகள் ஆகின்றன. கிண்ணியாவில் ஒரு கட்டட வேலைத்தளத்தில் பொறியியலாளராக இருக்கிறாள். வேலையை விடாமல் இணையவழியில் முதுமாணிப் பட்டம் படிக்க முடிவெடுத்தவள், எந்தப் பிரிவைத் தேர்வது என்று தெரியாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை கொப்பியோடு என்னிடம் வந்தாள். கட்டமைப்பு, புவித்தொழில்நுட்பம், நீர்வளம், போக்குவரத்து, நிர்மாண முகாமைத்துவம் என்று ஐந்து பெயர்களை அதில் எழுதியிருந்தாள். "மாமா, எல்லாமே பிடிச்சிருக்கு. அதுதான் எனக்குப் பிரச்சினை" என்றாள். அன்று தொடங்கிய பேச்சு பல வாரங்கள் நீண்டது. இதே கேள்வியோடு இந்த மாவட்டத்தில் வேறு பல இளம் பொறியியலாளர்களும் இருப்பதை நான் அறிவேன் என்பதால், நாங்கள் எடைபோட்டுப் பார்த்தவற்றை இங்கே எழுதுகிறேன்.

மொறட்டுவையிலும் பேராதனையிலும் நல்ல முதுமாணிப் பாடநெறிகள் இருக்கும்போது இணையவழி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. அவை வார இறுதி வகுப்புகளாக நடந்தாலும், இங்கிருந்து கொழும்பு ஏறத்தாழ 260 கிலோமீற்றர். வெள்ளி இரவு தொடருந்தில் ஏறி, ஞாயிறு இரவு திரும்பி, திங்கள் காலை வேலைத்தளத்தில் நிற்பதை இரண்டு ஆண்டுகளுக்குத் தொடர்வது எல்லோராலும் இயலாது. ஆகவே இணையவழி என்பது எங்களைப் போன்ற தூரத்து ஊர்க்காரர்களுக்கு நியாயமான தெரிவுதான்.

ஆனால் அந்த வழி எதைத் தரும், எதைத் தராது என்பதில் தெளிவு வேண்டும். விரிவுரையும் கணிப்பும் ஆசிரியரின் திருத்தமும் திரை வழியே வந்து சேரும். மண் ஆய்வுகூடமும் நீரோட்டத் தொட்டியும் சுமைப் பரிசோதனைச் சட்டகமும் வரமாட்டா. பல்கலைக்கழக வளாகத்தில் படிப்பவனுக்கு ஆய்வுகூடம் அடுத்த கட்டடத்தில் இருக்கிறது, இணையவழியில் படிப்பவனுக்கோ அவன் வாழும் ஊரே ஆய்வுகூடம். அதனால் ஒவ்வொரு பிரிவைப் பற்றியும் நான் முதலில் கேட்கும் கேள்வி, அந்தப் பிரிவுக்குத் திருகோணமலை என்ன கொடுக்கும் என்பதுதான். கற்பிக்கப்படுவது ஒரு குறிப்பிட்ட நாட்டின் நியமக் கோவையோடு, அதாவது வடிவமைப்பு விதிகளின் தொகுப்போடு, எவ்வளவு இறுகக் கட்டப்பட்டிருக்கிறது என்பது அடுத்த கேள்வி. படித்து முடித்த பின் எங்கே வேலை செய்ய எண்ணம் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிக்கொள்ள வேண்டும்.

கட்டமைப்புப் பொறியியலுக்கு நம் பிள்ளைகளிடையே தனி மதிப்பு உண்டு. கெட்டிக்காரர் எடுக்கும் பிரிவு என்ற பெயர் அதற்குப் பல்கலைக்கழகக் காலத்திலேயே ஒட்டிக்கொள்கிறது. இணையவழிக்கு மிக எளிதாகப் பொருந்துவதும் இதுவே. தாயக் கணிதம், முடிவுறு மூலக முறை, இயக்கவியல் ஆகிய யாவும் தாளிலும் கணினியிலும் நடப்பவை, ஆய்வுகூடம் இல்லாத குறை அதிகம் உறுத்தாது. உறுத்துவது நியமக் கோவைதான். நான் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் இணையவழிப் பாடநெறியில் இந்தப் பிரிவைத்தான் படித்தேன். அங்கே வடிவமைப்புப் பயிற்சிகள் யாவும் அமெரிக்கக் கொங்கிறீற் நியமமான ஏசிஐ 318 இல், இறாத்தலிலும் அங்குலத்திலும் இருந்தன. என் மேசையில் இருந்த வேலையோ பிரித்தானிய நியமமான பிஎஸ் 8110 இலும் ஐரோப்பிய நியமமான யூரோகோட் 2 இலும் இருந்தது. பிரித்தானியாவில் பிஎஸ் 8110 நியமம் 2010 இல் மீளப்பெறப்பட்டுவிட்டது என்றாலும், நம் அலுவலகங்களில் பழைய வரைபடங்களைப் பரிசீலிக்கும்போது அது இன்றும் கைக்கு வருகிறது.

வளையும் திருப்பத்துக்கும் வெட்டு விசைக்கும் நாடு கிடையாது, உண்மை. ஆனால் இறுதி எண்களுக்கு நாடு உண்டு. நிலைச்சுமையையும் பயன்சுமையையும் பிஎஸ் 8110 முறையே 1.4 ஆலும் 1.6 ஆலும் பெருக்கச் சொல்கிறது, யூரோகோட் 1.35 ஆலும் 1.5 ஆலும், அமெரிக்க நியமம் 1.2 ஆலும் 1.6 ஆலும். கொங்கிறீற்றின் வலிமையை அமெரிக்கர் உருளை மாதிரியில் அளக்கிறார்கள், பிரித்தானியப் பழக்கத்தில் வந்த நாமோ கனசதுர மாதிரியில் அளக்கிறோம். உருளை வலிமை கனசதுர வலிமையில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்குதான். முழு வாரமும் உருளைக் கணக்குகளைச் செய்துவிட்டு அலுவலகம் வந்த நான், ஒரு கொங்கிறீற் வளையின் (பீமின்) பரிசீலனையில் உருளைப் பெறுமானம் வரவேண்டிய இடத்தில் கனசதுரப் பெறுமானத்தை இட்டுவிட்டேன். மேலதிகாரி கையெழுத்திடும் முன் கண்டுபிடித்ததால் அது தாளோடு போயிற்று. கவனக்குறைவு என்னுடையதுதான். ஆனாலும் இரண்டு நியமங்களைத் தலையில் ஒன்றாகச் சுமப்பவருக்கு இது நேரக்கூடியது என்பதை இப்பிரிவை எடுக்கும் ஒவ்வொருவரிடமும் சொல்கிறேன். கட்டமைப்பைத் தேர்வதானால் யூரோகோட்டைப் பின்பற்றும் நாட்டுப் பல்கலைக்கழகத்தைத் தேடுவது நல்லது. அமெரிக்காவிலோ கனடாவிலோ குடியேறும் எண்ணம் உறுதியாக இருப்பவருக்கு மட்டும் இதற்கு மறுதலையாகச் சொல்வேன்.

அமெரிக்கப் பாடநெறிகள் பலவற்றில் நிலநடுக்க வடிவமைப்பு பெரும் பங்கைப் பிடித்துக்கொள்கிறது. நமக்கு அதைவிடக் காற்றும் உப்பும் பெரியவை. 1978 சூறாவளிக்குப் பின் இந்நாட்டுக்கு வகுக்கப்பட்ட காற்று வலயங்களில் கிழக்குக் கரையோரம் மிக உயர்ந்த வேகத்துக்குரிய முதலாம் வலயத்தில் அடங்குகிறது. உப்பைப் பற்றித் தெரிய வேண்டுமானால் உப்புவெளியிலிருந்து நிலாவெளி வரை கடலை நோக்கி நிற்கும் பழைய கட்டடங்களின் மேல்மாடி முகப்புத் தட்டுகளைக் கீழிருந்து அண்ணாந்து பார்க்க வேண்டும். முதலில் கம்பி ஓடும் கோட்டிலேயே ஒரு கபிலக் கீறல் தெரியும். துருப்பிடித்த உருக்கு தன் பழைய கன அளவைப் போலப் பல மடங்கு இடத்தைக் கேட்பதால், அடுத்த சில மாரிகளில் மூடுகொங்கிறீற் தகடு தகடாக விழுந்து கம்பி வெளியே தெரியும். நீடித்துழைப்பு என்பது பெரும்பாலான பாடநெறிகளில் விருப்பப் பாடங்களில் ஒன்று, அவ்வளவுதான். இந்த ஊரில் இருந்து கட்டமைப்புப் படிப்பவர் அதையே நடுவில் வைத்து, ஆய்வுத் தலைப்பையும் அங்கிருந்தே எடுப்பாரானால், வளாகத்தில் படிப்பவருக்குக் கிடைக்காத தரவு அவருக்குக் கிடைக்கும். ஒரு குறையை மறைக்க முடியாது: இங்கு எழும் பெரிய கட்டடங்களின் வடிவமைப்பு பெரும்பாலும் கொழும்பு ஆலோசனை அலுவலகங்களில் நடக்கிறது. கட்டமைப்பில் முதுமாணி பெற்றுத் திருகோணமலையிலேயே இருக்க விரும்புபவர், படித்ததைப் பயன்படுத்தும் நாட்கள் குறைவாக இருக்கலாம் என்பதை ஏற்றுக்கொண்டே இறங்க வேண்டும்.

புவித்தொழில்நுட்பத்தின் நிலை வேறு. கையால் தொட்டுப் பார்க்க வேண்டிய மண்ணைக் காணொளியில் பார்க்க வேண்டியிருக்கிறது. மூவச்சு அழுத்தப் பரிசோதனையில் மாதிரி எப்படி நழுவி உடைகிறது என்பதைத் திரையில் காண்பதும், மாதிரியை நாமே சீவி எடுத்து, இறப்பர் உறையிட்டுப் பொருத்துவதும் ஒன்றாகா. ஆனால் ஊர் கொடுப்பது மிகுதி. கோணேசர் கோயில் நிற்கும் மலை கடினமான படிகப்பாறை. சற்று வடக்கே நிலாவெளியில் தளர்ந்த கடற்கரை மணல். குடாவின் மறுபக்கம் கிண்ணியாவிலும் தம்பலகாமத்துச் சதுப்புகளிலும் மெத்தென்ற களி. ஒரே நாளில் சைக்கிளில் சுற்றிவரக்கூடிய தூரத்தில் இப்படி மூன்று நிலங்கள் எத்தனை ஊர்களுக்கு வாய்க்கும்?

நியம ஊடுருவல் பரிசோதனையில் 63.5 கிலோகிராம் சம்மட்டியை 760 மில்லிமீற்றர் உயரத்திலிருந்து விழவிட்டு, கருவி 300 மில்லிமீற்றர் இறங்க எத்தனை முறை அடிக்க வேண்டும் என்று எண்ணுவோம்; எண்ணிக்கை குறையக் குறைய மண் மெலிவு. களப்பு ஓரத்தில் நான் நின்ற ஒரு துளையில், சம்மட்டியை வைத்ததுமே அடி எதுவும் விழாமல் தண்டு தானாக இறங்கிப் போனதைக் கண்டிருக்கிறேன். அந்தக் காணியின் மறு மூலையிலும் ஒரு துளை இட வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். செலவு என்று உரிமையாளர் மறுத்தார். இரண்டு மாடி எழுந்தது, அடுத்த மாரி முடிவதற்குள் சுவரில் மூலைவிட்டமாக வெடிப்பு ஓடியது. மண்ணைப் படித்தவரின் சொல்லுக்குக் கட்டடம் எழும்வரை மதிப்பு இல்லை என்பது இத்துறையின் வேதனை. அதே காரணத்தால் இங்கே இத்துறையில் ஆழமாகப் படித்தவர் தேவைப்படுகிறார்.

1986 ஏப்ரல் 20 அதிகாலையில் கந்தளாய்க் குளக்கட்டு உடைத்துக்கொண்டபோது நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். மண் அணையொன்றில் நீர் துருசுச் சுவரின் ஓரமாகவோ பழைய வெடிப்பின் வழியாகவோ மண்ணின் நுண்துகள்களைச் சிறிது சிறிதாக வெளியே எடுத்துச் செல்வதை உள்ளரிப்பு என்கிறோம். கட்டின் கீழ்ப்புறம் ஊறிவரும் நீர் தெளிவாக இருக்கிறதா, கலங்கலாக இருக்கிறதா என்று பார்ப்பதில் பல வேளைகளில் ஓர் ஊரின் உயிர் தங்கியிருக்கிறது. புவித்தொழில்நுட்பமும் நீர்வளமும் சந்திக்கும் இடம் இது.

நீர்வளப் பிரிவுக்கு இந்த மாவட்டம் கொடுப்பதைப் போல வேறு எந்தப் பிரிவுக்கும் கொடுப்பதில்லை என்பது என் தீர்ப்பு. 335 கிலோமீற்றர் ஓடிவரும் மகாவலி கொட்டியாரக்குடாவில்தான் கடலோடு கலக்கிறது; மத்திய மலைநாட்டில் பெய்யும் மழையின் கணக்கு மூதூரிலும் வெருகலிலும் தீர்க்கப்படுகிறது. ஆண்டுக்குச் சுமார் 1,600 மில்லிமீற்றர் மழை பெற்றும், அதில் பெரும்பகுதி ஐப்பசி முதல் தை வரை கொட்டித் தீர்வதால், ஒரே வயலில் மாரியில் வெள்ளமும் சிறுபோகத்தில் வரட்சியும் காண்கிறோம். திருகோணமலை நகரத்துக் குழாயில் வரும் நீர் கந்தளாயிலிருந்து வருகிறது. வயலுக்குத் திறப்பதா, வீட்டுக்கு வைப்பதா என்ற கேள்வியை நீர்வளப் பாடப்புத்தகம் பல்நோக்கு நீர்த்தேக்க முகாமை என்று பெயரிட்டு ஓர் அத்தியாயமாகத் தருகிறது, நம் கமக்காரர் அதைக் கூட்டத்தில் எழுந்து நின்று கேட்கிறார்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியோடு வந்த பெருவெள்ளத்தில் மாவிலாற்று அணைக்கட்டு உடைப்பெடுத்தது. அந்த நாட்களில் நீர்மட்டம் இன்னும் எவ்வளவு உயரும், எத்தனை மணிக்கு எந்தக் கிராமத்தை அடையும் என்று கேட்ட சனங்களுக்கு நம்பகமான விடை சொல்லக்கூடியவர்கள் எங்களிடையே போதாமல் இருந்ததை நான் மறக்கவில்லை.

கற்கும் கருவிகளிலும் இப்பிரிவுக்கு ஒரு வசதி உண்டு. ஆற்று வெள்ளத்துக்கான ஹெக்-ராஸ், மழைநீரோட்டத்துக்கான ஹெக்-எச்எம்எஸ், குழாய் வலையமைப்புக்கான ஈபாநெட் ஆகிய மென்பொருட்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. கட்டமைப்புக்கும் மண் பகுப்பாய்வுக்குமான வணிக மென்பொருட்களை மாணவர் உரிமம் முடிந்த பின் சொந்தச் செலவில் வைத்திருக்க நம்மில் எவராலும் முடியாது. நியமக் கோவைத் தொல்லையும் குறைவு; வாய்க்காலில் நீரோடும் வேகத்தைக் கணிக்கும் மானிங் சமன்பாடு அமெரிக்காவின் அயோவாவிலும் நம் அல்லையிலும் ஒன்றுதான்.

ஆனால் மென்பொருளை ஓடவிடுவதோடு படிப்பு முடிவதில்லை. செய்மதி வழியாகக் கிடைக்கும் இலவச உயரத் தரவுகளில் சில மீற்றர் பிழை இருக்கும். மலைநாட்டுப் பள்ளத்தாக்கில் அது பெரிதாகத் தெரியாது. கடல்மட்டத்துக்குச் சில மீற்றர் மேலே தட்டையாகக் கிடக்கும் மூதூர்ச் சமவெளியில் அந்தப் பிழையே வெள்ளத்தின் ஆழத்துக்குச் சமனாகிவிடும்; கணினி வரையும் நீல நிறப் படத்தில் நனையாத கிராமம் நனைந்ததாகவும், நனைந்தது தப்பியதாகவும் தெரியும். மட்டமானியைத் தோளில் வைத்துக்கொண்டு வாய்க்கால் கட்டில் நடந்து, குறுக்குவெட்டுகளை அளந்து திருத்தினால்தான் படம் உண்மை சொல்லும். அந்த வேலையைச் செய்ய இந்த மாவட்டத்தில் வாழ்பவருக்கு இருக்கும் வாய்ப்பு, அதே பாடத்தைத் தொலைவில் எங்கோ இருந்து படிக்கும் சக மாணவருக்கு இல்லை.

குறைகளும் உண்டு. நிகழ்தகவும் புள்ளியியலும் இல்லாமல் நீரியல் நகராது. இளமாணிக் காலத்தில் அவற்றைத் தவிர்த்து வந்தவர்கள் முதல் அரையாண்டிலேயே திணறுவார்கள். வேலைவாய்ப்பு நீர்ப்பாசனத் திணைக்களம், மகாவலி அதிகார சபை, தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை என்று பெரும்பாலும் அரச பக்கமே இருப்பதால், வளைகுடாவில் கிடைப்பது போன்ற சம்பளத்தை எதிர்பார்க்க இயலாது. மேலும் "நீர்வளம்" என்ற பெயரின் கீழ் சில பல்கலைக்கழகங்கள் கற்பிப்பது மேலைநாட்டு நகரங்களின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பையும் அந்நாட்டுச் சட்டங்களையும்தான். பாட விவரக்கொத்தில் திறந்த வாய்க்கால் நீரியக்கம், நீரியல், நிலத்தடி நீர், அணைப் பாதுகாப்பு ஆகியவை இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பார்த்த பின்பே பணம் கட்ட வேண்டும்.

போக்குவரத்துப் பிரிவைப் பற்றிச் சொல்வதற்கு எனக்கு அதிகம் இல்லை. வெளிநாட்டுப் பாடநெறிகள் அதிவேக நெடுஞ்சாலையின் கொள்ளளவையும் சமிக்ஞைச் சந்திகளையும் மையமாகக் கொண்டவை. முச்சக்கர வண்டியும் உழவு இயந்திரமும் இரவில் படுத்திருக்கும் மாடுகளும் கலந்த நம் வீதிகளுக்கு அவற்றிலிருந்து எடுத்துக்கொள்ளக்கூடியது வீதித் தளப் பொறியியலும் வீதிப் பாதுகாப்பும்தான். வீதி அபிவிருத்தி அதிகார சபையில் ஏற்கெனவே இருப்பவருக்கு இது பொருந்தும்.

நிர்மாண முகாமைத்துவத்துக்குத்தான் கேள்வி அதிகம், வளைகுடா நாடுகளுக்குப் போகும் எண்ணமுள்ளவர்களிடம் குறிப்பாக. ஆய்வுகூடம் தேவையில்லை, கணிதம் குறைவு, பதவி உயர்வுக்கு நேராக உதவும். இதைத் தாழ்வாக எண்ணுபவர்களோடு நான் உடன்படவில்லை. முன்னொரு காலத்தில் நான் வேலை செய்த ஒப்பந்த நிறுவனம், வரைபடம் தாமதமாக வந்ததால் நேர்ந்த இழப்புக்கு நியாயமான உரிமைக்கோரிக்கை வைத்திருந்தும் ஒரு சதமும் பெறவில்லை. சர்வதேச நிர்மாண ஒப்பந்த மாதிரியான ஃபிடிக்கின் 1999 ஆம் ஆண்டுப் பதிப்பில் 20.1 ஆம் வாசகம் 28 நாட்களுக்குள் அறிவித்தல் கொடுக்கச் சொல்கிறது; எங்கள் கடிதம் அந்த நாட்கள் கடந்த பின்னர்தான் போனது. அன்று இதைப் படித்தவர் ஒருவர் எங்களிடையே இருந்திருந்தால் பலருடைய உழைப்பு வீண்போயிராது. ஆயினும் வேலைத்தளத்தில் ஏழெட்டு ஆண்டுகளாவது நின்று, தகராறுகளைக் கண்ணால் கண்ட பின் படிப்பவருக்கே அந்தப் பாடங்கள் உயிரோடு பேசும். மூன்று ஆண்டு அனுபவத்தோடு எடுப்பது அவசரம் என்றே என் மருமகளிடம் சொன்னேன்.

பிரிவு எதுவானாலும் சேர்வதற்கு முன் பார்க்க வேண்டியவை சில உண்டு. பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்வதற்கான வாஷிங்டன் உடன்படிக்கையில் இலங்கைப் பொறியியலாளர் நிறுவகம் 2014 இல் கையொப்பமிட்ட உறுப்பானது. அந்த உடன்படிக்கை முதற் பட்டத்துக்கு மட்டுமே உரியது, வெளிநாட்டு முதுமாணிக்கு அது பொறுப்பேற்காது. அரச பதவியில் பட்டத்தைப் பயன்படுத்த எண்ணினால், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அந்தப் பல்கலைக்கழகத்தை ஏற்கிறதா என்று முன்கூட்டியே எழுத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் பாடங்களால் மட்டும் முடியும் முதுமாணி 30 திறமைப்புள்ளிகளோடு ஒன்பதாம் மட்டத்திலும், ஆய்வும் சேர்ந்தது 60 புள்ளிகளோடு பத்தாம் மட்டத்திலும் நிற்கின்றன. பின்னாளில் கலாநிதிப் பட்டமோ விரிவுரையாளர் பதவியோ மனதில் இருந்தால் ஆய்வில்லாத பாடநெறியைத் தவிர்ப்பது நல்லது. ஒரு புள்ளி 50 மணி நேரக் கற்றல் என்பதால் 30 புள்ளி 1,500 மணி நேரம். இரண்டு ஆண்டுகளில் பரப்பினால் வாரத்துக்கு ஏறத்தாழ 15 மணி நேரம். வேலை, வீடு, உறக்கம் ஆகியவற்றிலிருந்துதான் அதை எடுக்க வேண்டும்.

நேரலை வகுப்பா, பதிவு செய்த விரிவுரையா என்பதும் சிறிய விடயம் அல்ல. நியூயோர்க்கில் மாலை 6 மணிக்கு நடக்கும் வகுப்பு நமக்கு அவர்களின் குளிர்காலத்தில் அதிகாலை 4.30, கோடையில் 3.30. இலண்டனின் மாலை 6 மணி, பருவத்துக்கேற்ப நமக்கு இரவு 10.30 அல்லது 11.30. பணத்தைப் பொறுத்தவரை, 2022 தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் நின்ற டொலர் அதே ஆண்டு மே மாதத்துக்குள் 360 ரூபாய் வரை போனதை நினைவில் வைத்து, கடைசித் தவணை வரை தாங்கக்கூடிய கையிருப்போடு தொடங்க வேண்டும். பாதியில் நிறுத்த நேர்ந்தால் அதுவரை முடித்த பாடங்களுக்குப் பட்டப்பின் சான்றிதழாவது தருவார்களா என்பதையும் கேட்கலாம்.

இவ்வளவையும் பேசிய பின் என் மருமகள் நீர்வளத்தை முதன்மைப் பிரிவாக எடுத்து, விருப்பப் பாடங்களில் இரண்டை, மண் அணைகளையும் கசிவோட்டத்தையும் கற்பிக்கும்படியாகப் புவித்தொழில்நுட்பத்திலிருந்து தேர்ந்தாள். அவளுடைய இன்றைய வேலை கட்டடத்தில் என்பதால் கட்டமைப்பை விடுவது அவளுக்கு எளிதாக இருக்கவில்லை. ஐந்து ஆண்டுகளில் வெளிநாடு போகும் திட்டம் அவளுக்கு இருந்திருந்தால் நானும் கட்டமைப்பைத்தான் சொல்லியிருப்பேன். அம்மாவையும் ஊரையும் விட்டுப் போவதில்லை என்று அவள் உறுதியாகச் சொன்ன பின் எங்களுக்குள் விவாதம் நீளவில்லை. ஆய்வுக்கு உள்ளூர்த் தரவைப் பயன்படுத்த அனுமதி உண்டா என்று பாடநெறி இணைப்பாளருக்கு எழுதினாள். உண்டு, ஆனால் அளவீட்டு முறையை விளக்க வேண்டும் என்று பதில் வந்தது. கடந்த மூன்று சனிக்கிழமைகளாகத் தம்பலகாமத்து வாய்க்கால் ஒன்றின் அளவுகோற் பலகையில் காலையும் மாலையும் நீர்மட்டத்தைப் படித்து, கொண்டுவந்த அதே கொப்பியில், ஐந்து பெயர்கள் எழுதிய பக்கத்துக்கு அடுத்த பக்கத்திலிருந்து குறித்து வருகிறாள்.